ஒரு பிள்ளைக்கு வழித்துணை

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று நினைக்கிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். நோட்டுப் புத்தகம் வாங்கித் தருவார்கள், ஆண்டு விழாவுக்குப் பரிசுச் சாமான் கொடுப்பார்கள், ஆழ்குழாய்க் கிணறு போட்டுத் தருவார்கள். எல்லாம் நல்ல காரியம். இந்த அத்தியாயம் சொல்லப்போவது வேறொரு வேலையை. ஒரே ஒரு பிள்ளையை, அதன் பெற்றோரும் பள்ளியும் அறிய, வாரத்துக்கு ஒருநாள் சந்தித்து, படிப்பிலும் பேச்சிலும் வருடக்கணக்கில் கூட இருப்பது. பெரிய பட்டமோ வசதியோ இதற்குத் தேவையில்லை. ஓய்வுபெற்ற தபால்காரர் செய்யலாம், கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதுகிறவர் செய்யலாம், கும்பகோணத்தில் கல்லூரிப் படிப்பு படிக்கும் பெண் செய்யலாம். சொன்ன கிழமையில் சொன்ன நேரத்தில் வந்து நிற்பதுதான் இதில் பாதிக்கு மேற்பட்ட வேலை. மீதி எல்லாம் பழகப் பழக வந்துவிடும்.

அதனால் முதலில் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது: இன்னும் ஒரு வருடத்துக்கு நான் இந்த ஊரில் இருப்பேனா? மாற்றல் வரும்போலத் தெரிந்தால், வெளிநாட்டுக்கு விசா போட்டிருந்தால், இப்போது தொடங்காதீர்கள். அமெரிக்காவில் 1904 முதல் வளர்ந்துவந்த 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' என்ற அமைப்பு இந்த வேலையைத்தான் செய்கிறது. அதில் சேர்ந்த பிள்ளைகளைப் பற்றி கிராஸ்மன், ரோட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். துணை ஒரு வருடத்துக்கு மேல் நீடித்த பிள்ளைகளிடம் முன்னேற்றம் மிகுதியாகத் தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் துணை விட்டுப்போன பிள்ளைகளுக்கோ தங்களைப் பற்றிய மதிப்பே குறைந்துபோயிருந்தது. அப்பா திருப்பூரிலோ துபாயிலோ இருக்க, ஏற்கெனவே ஒருவர் போன வீட்டில் வளரும் பிள்ளையிடமிருந்து இன்னொருவரும் சொல்லாமல் போனால் அது என்ன நினைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாதியில் விடுவதைவிடத் தொடங்காமல் இருப்பது மேல்.

நீடித்து நின்றதற்கு எடுத்துக்காட்டு நம் கரையிலேயே இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டம் இழந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக நாகையில் அன்னை சத்யா அரசு குழந்தைகள் காப்பகம் இயங்கியது. தஞ்சாவூர் ஆட்சியராக இருந்து நாகைக்கு வந்த ஜெ. ராதாகிருஷ்ணன் அந்தப் பிள்ளைகளோடு பழகத் தொடங்கினார். ஆட்சியர் என்ற முறையில் காப்பகத்தை மேற்பார்த்தது அவர் கடமை. பதவி மாறிச் சென்னைக்குப் போன பிறகும் அவரும் அவர் துணைவியாரும் அங்கே வந்துபோனார்களே, அது எந்த அரசாணையிலும் இல்லாத வேலை. சின்னக் குழந்தைகளாக வந்தவர்கள் பள்ளி முடித்தார்கள், கல்லூரி போனார்கள். அவர்களில் ஒரு பெண்ணின் திருமணத்தை 2022-இல் அவரே முன்னின்று நடத்தினார். எல்லாராலும் பதினேழு வருடம் முடியாது. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு அவர் கொடுத்ததில் விலைமதிப்பு மிக்கது எது என்று கேட்டால், திரும்பத் திரும்ப வந்ததைத்தான் சொல்வேன்.

எந்தப் பிள்ளை, யாரைக் கேட்பது

நீங்களாக ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஊரில் உள்ள ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் தலைமையாசிரியரைப் பாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களிடமும் சொல்லுங்கள். இன்னொருவரும் இருக்கிறார். கொரோனா காலத்துப் படிப்பு இழப்பை ஈடுகட்ட அரசு 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு, மாலை நேரத்தில் திண்ணையிலும் மரத்தடியிலும் பாடம் சொன்ன தன்னார்வலர்களில் பெரும்பாலோர் அந்தந்தத் தெருப் பெண்கள்தான். பிள்ளைகளுக்கு அவர்கள் 'அக்கா'. எந்த வீட்டில் புத்தகப் பையைத் திறக்க ஆளில்லை, எந்தப் பிள்ளை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அழுதுவிடும் என்பது அந்த அக்காவுக்குத் தெரியும். அவரைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள்.

கெட்டிக்காரப் பிள்ளைக்கு ஊரே துணை நிற்கும். குறும்புக்காரப் பிள்ளையையும் எல்லாருக்கும் தெரியும். நடுவரிசையில், பேசாமல், பெயர் கூப்பிடும்போது மட்டும் 'உள்ளேன் ஐயா' என்று சொல்லிவிட்டு உட்காரும் பிள்ளையைக் கேளுங்கள். ஆறாவது முதல் எட்டாவதுக்குள் இருந்தால் நல்லது. அந்த மூன்று வருடத்தில் வாசிப்புத் தடுமாற்றத்தைச் சரிசெய்துவிட்டால் மேல்வகுப்பில் பாதிச் சுமை குறையும்.

காப்பகத்தில் வளரும் பிள்ளைக்குத் துணையாக இருக்க விரும்பினால் நேரே போய்க் கதவைத் தட்டக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாகத்தான் போகவேண்டும். அவர்கள் உங்களைப் பற்றி விசாரிப்பார்கள், சான்றுகள் கேட்பார்கள். கேட்பதுதான் முறை, கேட்காமல் உள்ளே விடுகிற இடமென்றால் அங்கே பிள்ளைகளின் பாதுகாப்பு சரியில்லை என்று அர்த்தம்.

தண்ணீர் வந்த பிறகு

காவிரி டெல்டாவில் ஒரு பிள்ளையின் வருடம் பள்ளி நாட்காட்டியை மட்டும் வைத்து ஓடுவதில்லை. வெளியூரிலிருந்து வந்து இங்கே துணை நிற்கத் தொடங்குகிறவர்கள் இதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கும். பள்ளி திறப்பதும் அந்தச் சமயம்தான். கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து கடைமடைக்குப் போய்ச் சேர்வதற்குள் குறுவை வேலை தொடங்கிவிடும். அதற்குப் பின்னால் சம்பா, தாளடி. நாற்றுப் பறிக்கவும் நடவுக்கும் அம்மா விடியலில் போய்விட்டால், ஏழாம் வகுப்புப் படிக்கிற மூத்த பெண்தான் தம்பிக்குச் சோறு ஊட்டிப் பால்வாடியில் விட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடவேண்டும். அவள் முதல் மணிக்கு வராததைப் பார்த்து 'படிப்பில் அக்கறையில்லை' என்று எழுதிவிடாதீர்கள். சந்திப்பை மாலைக்கு மாற்றுங்கள். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தால் அவனும் உட்காரட்டும். அவனுக்கு ஒரு சிலேட்டும் பல்பமும் கொடுத்துவிட்டால் அவளுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழை. வாய்க்கால் உடைந்து பயிர் மூழ்கினால் வீட்டில் பேச்சு வேறு மாதிரி இருக்கும். பள்ளிக்கு விடுமுறை விடுவார்கள், சில சமயம் பள்ளிக்கூடமே நிவாரண முகாம் ஆகிவிடும். உங்களால் போக முடியாத வாரத்தில் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேளுங்கள்: 'வீடு ஒழுகுதா? புத்தகமெல்லாம் பத்திரமா?' 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை சாய்ந்ததைத்தான் எல்லாரும் பேசினோம். கூரையோடு புத்தகமும் சீருடையும் பறிபோன பிள்ளைகளை விசாரிக்க ஆள் குறைவாகத்தான் இருந்தார்கள். புத்தகத்தையும் சான்றிதழையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரண்மேல் வைக்கச் சொல்லிக் கொடுப்பது புரட்டாசி மாதத்து வேலை.

தை, மாசி அறுவடை. நெல்லைக் கொட்டி, படுதா போட்டு மூடிவிட்டு, கொள்முதல் நிலையத்தில் அப்பா ராத்திரி ராத்திரியாகக் காவல் கிடப்பார். அந்த வாரங்களில்தான் பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்குத் திருப்புதல் தேர்வும் நடக்கும். பையனைக் களத்துக்குச் சாப்பாடு கொண்டுபோகச் சொன்னால் அதை எதிர்த்துப் பேச உங்களுக்கு உரிமை கிடையாது. எட்டு மணிக்குமேல் அவன் வீட்டில் உட்கார்ந்து படிக்க ஓர் ஏற்பாடு செய்யலாமா என்று அப்பாவிடம் கேட்கலாம். மரியாதையாகக் கேட்டால் மறுக்கிற அப்பாவை நான் அதிகம் பார்த்ததில்லை.

நடவுக்கும் அறுவடைக்கும் இயந்திரம் வந்த பிறகு கூலி நாட்கள் குறைந்துவிட்டன. அம்மாவும் அப்பாவும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட, பிள்ளை அப்பாயியிடமோ அம்மாயியிடமோ வளர்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் நீங்கள் அனுமதி கேட்கவேண்டியது இருவரிடம்: தொலைபேசியில் அம்மாவிடம், நேரில் பாட்டியிடம். பாட்டிக்குத் தெரியாமல் எதுவும் நடக்கக் கூடாது.

எங்கே உட்காருவது

இடம் பற்றி நிறையப் பேர் யோசிப்பதில்லை. 'கோயில் மண்டபம் இருக்கிறதே, காற்றோட்டமாக இருக்கும்' என்பார்கள். அந்தப் பிள்ளை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று பாருங்கள். காலனித் தெருப் பிள்ளை அந்த மண்டபத்தில் கூச்சமில்லாமல் உட்கார முடியுமா? உங்கள் வீட்டுத் திண்ணை என்றால், மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே டம்ளரில் அந்தப் பிள்ளைக்கும் தண்ணீர் கொடுப்பீர்களா, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்காமல் இருப்பார்களா? இவற்றுக்கு நேராகப் பதில் சொல்ல முடியவில்லை என்றால் அந்த இடம் வேண்டாம். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25-இல் 44 பேர் எரிக்கப்பட்ட மண் இது. கூலியும் சாதியும் இங்கே எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த ஊர்ப் பிள்ளைக்கு வழி சொல்ல வந்துவிடக் கூடாது. ஒரு பிள்ளை உங்கள் எதிரில் உட்காரத் தயங்கி நின்றால், தலைமுறைகளாகக் கற்பிக்கப்பட்ட பயம் அது. நீங்களும் தரையில் உட்காருங்கள்.

பள்ளித் தாழ்வாரம், ஊர்ப்புற நூலகம், ஊராட்சி அலுவலகத்து முன்கூடம் இவைதான் பொருத்தமானவை. எல்லாரும் நுழையலாம், நாலு பேர் கண்ணில் படும். நூலகமென்றால் இன்னொரு வசதி, நூலகரும் பிள்ளைக்குப் பழக்கமாகிவிடுவார்.

ஆற்றங்கரையும் வாய்க்கால் மதகும் வேண்டவே வேண்டாம். புதுத்தண்ணீர் வரும்போதும் ஆடிப்பெருக்கன்றும் பிள்ளைகளுக்குக் கால் தானாக அந்தப் பக்கம் போகும். மணல் அள்ளிய பள்ளம் கொள்ளிடத்தில் எங்கே இருக்கிறது என்று உள்ளூர்க்காரருக்கே தெரியாது.

முதல் சில வாரங்கள்

'என்ன மார்க் எடுத்தே?' என்று தொடங்கினால் அந்தப் பிள்ளை அன்றோடு வாயை மூடிக்கொள்ளும். அதற்குத் தெரிந்ததைக் கேளுங்கள். இந்த வருடம் உங்கள் வாய்க்காலில் தண்ணீர் எப்போது வந்தது, உங்கள் வயலில் என்ன நெல் போட்டிருக்கிறார்கள், ஆட்டுக்குட்டிக்கு என்ன பெயர். ஆடுதுறையில் 1922-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ரகங்களுக்குத்தான் 'ஏ.டி.டி.' என்று பெயர் தொடங்குகிறது என்று நீங்கள் சொன்னால், 'எங்க தாத்தா ஏ.டி.டி. 43 போடுவாங்க' என்று அது சொல்லும். பேச்சு பிறந்துவிட்டது.

கணக்கையும் அங்கிருந்தே எடுக்கலாம். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பிள்ளைகள் பின்னத்தில்தான் விழுகிறார்கள். நம் பக்கத்துக் கணக்கில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட், அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. அப்படியென்றால் இரண்டரை மா எத்தனை ஏக்கர்? ஒரு வேலி எத்தனை ஏக்கர்? அரசுக் கொள்முதல் நிலையத்தில் ஒரு சிப்பம் 40 கிலோ. உங்கள் அப்பா போட்டது 27 சிப்பம் என்றால் எத்தனை குவிண்டால்? மூன்றில் ஒன்று என்பது புத்தகத்தில் வட்டத்தை வெட்டிக் காட்டுகிற படம். இங்கே அது அந்தப் பிள்ளையின் காலடி வரப்பு. தாத்தாவிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். அடுத்த வாரம் அவர் சொன்ன கணக்கோடு வரும், நீங்களும் கற்றுக்கொள்வீர்கள்.

வாசிப்புக்குப் பாடப்புத்தகத்தை முதலில் எடுக்க வேண்டாம். பேருந்தின் ஊர்ப்பெயர்ப் பலகை, உரமூட்டையில் உள்ள எழுத்து, நாளிதழின் விளையாட்டுப் பக்கம் என்று தொடங்கலாம். ஒவ்வொரு சந்திப்பிலும் கொஞ்சம் நேரம் நீங்கள் வாசிக்க, அது கேட்கட்டும். வாசித்துக் காட்ட ஆளில்லாமல் வளர்ந்த பிள்ளை, தனக்காக ஒருவர் வாசிப்பதை எவ்வளவு ஆசையாகக் கேட்கும் என்பதைப் பார்த்தால் உங்களுக்கே மனசு நிறையும்.

உங்கள் மதத்தையும் கட்சியையும் அந்தப் பிள்ளையிடம் கொண்டுபோகாதீர்கள். இதற்குத் தஞ்சாவூரிலேயே பழைய முன்மாதிரி உண்டு. 1787-இல் துளஜா மன்னர் இறந்தபோது அவர் தத்தெடுத்த சிறுவன் சரபோஜிக்குப் பாதுகாப்பில்லாத நிலை. சித்தப்பா அமர்சிங்கின் ஆட்சியில் பையனைச் சரியாகப் படிக்கவும் விடவில்லை. ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ்தான் அவனுக்காகச் சென்னைக்கு எழுதி, வாதாடி, 1793-இல் அங்கே கொண்டுபோய்ப் படிக்கவைக்கக் காரணமானவர். மதம் பரப்புவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட அந்த மனிதர் வளர்த்த சரபோஜி, கடைசிவரை தன் முன்னோர் மதத்திலேயே இருந்தார். சரசுவதி மகால் நூலகத்தைப் பெருக்கினார். 1798-இல் சுவார்ட்ஸ் இறந்தபின் சரபோஜி செய்வித்த பளிங்குச் சிற்பம் சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய தேவாலயத்தில் இருக்கிறது. படுக்கையில் கிடக்கும் கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் சரபோஜி. பிள்ளையைத் தஞ்சாவூருக்கு அழைத்து வந்தால் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு, பக்கத்தில்தானே, இதையும் காட்டுங்கள்.

காசும் சான்றிதழும்

கையில் பணம் கொடுக்காதீர்கள். கைபேசி வாங்கித் தராதீர்கள். ஒருமுறை கொடுத்தால் அந்த வீட்டுக்கும் உங்களுக்கும் நடுவில் கடன்காரர் உறவு வந்துவிடும்; அப்பா உங்களைப் பார்த்துத் துண்டை இடுப்பில் கட்டத் தொடங்கிவிடுவார். உண்மையான தேவை என்றால் தலைமையாசிரியர் வழியாகச் செய்யுங்கள்.

அதைவிடப் பெரிய உதவி, பிள்ளைக்கு வரவேண்டிய பணத்தை வரவைப்பது. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழி உதவித்தொகைத் தேர்வில் தேர்வானால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை வருடம் 12,000 ரூபாய் வரும். அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் வந்தது. ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-இல் வந்தது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. இவை தெரியாமலே நழுவிப்போன குடும்பங்கள் உண்டு. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றைக் கடைசி நாளில் இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்காமல், கோடை விடுமுறையிலேயே வாங்கிவைக்க அம்மாவோடு நீங்களும் போங்கள். ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் பெயரின் எழுத்தும் முன்னெழுத்தும் ஒத்துப்போகின்றனவா என்று அன்றே பாருங்கள். ஓர் எழுத்துப் பிழை ஒரு வருட உதவித்தொகையை நிறுத்திவிடும்.

தோற்ற நாள்

தேர்வு முடிவு வருகிற நாளை உங்கள் நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அன்று நீங்கள் அந்த வீட்டில் இருக்கவேண்டும். கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் பரிசுகளோடு வெளியே வந்த ராமானுஜன், 1904-இல் உதவித்தொகையோடு அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் கோட்டைவிட்டதில் உதவித்தொகை போயிற்று. 1905-இல் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். அவருக்கு மாதம் 25 ரூபாய் கொடுத்துத் தாங்கிய ராமச்சந்திர ராவ் வந்துசேர இன்னும் சில வருடங்கள் ஆயின. அந்த 1905-இல் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒருவர் இருந்திருக்கக் கூடாதா என்று கும்பகோணம் போகும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

தோற்ற பிள்ளையிடம் அன்றைக்கு அறிவுரை எதுவும் வேண்டாம். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். கூடவே சாப்பிடுங்கள். துணைத்தேர்வு சில வாரங்களிலேயே வருகிறது, விண்ணப்பத்தை நான் போட்டுவிடுகிறேன் என்று சொல்லுங்கள். பேச்சில் சாவு பற்றிய சொல் ஏதாவது வந்தால் லேசாக எடுக்காதீர்கள். வீட்டில் இருப்பவர்களிடம் உடனே சொல்லுங்கள், பூச்சிமருந்து டப்பாவை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள், 104 எண்ணுக்குக் கூப்பிடுங்கள். டெல்டா வீடுகளில் பூச்சிமருந்து கைக்கெட்டும் இடத்தில்தான் இருக்கும்.

விட்டுக்கொடுக்கக் கூடாத விதிகள்

பூட்டிய அறையில் பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. பெற்றோருக்குச் சொல்லாமல் எங்கும் அழைத்துப் போகக் கூடாது. இரவில் தனிச் செய்தி அனுப்பக் கூடாது. படமெடுத்து முகநூலில் போடக் கூடாது, அது எவ்வளவு நல்ல எண்ணத்தோடு போட்டதாக இருந்தாலும். 'இதை யாரிடமும் சொல்லாதே' என்ற வாக்கியம் உங்கள் வாயிலிருந்து ஒருநாளும் வரக் கூடாது. பிள்ளை அப்படிக் கேட்டாலும், 'உனக்கு ஆபத்தான விஷயமென்றால் நான் சொல்லித்தான் ஆகவேண்டும்' என்று முதல் மாதத்திலேயே சொல்லிவையுங்கள்.

பாலியல் தொல்லை பற்றி ஒரு பிள்ளை சொன்னாலோ, உங்களுக்கே சந்தேகம் வந்தாலோ, 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியது உங்கள் கடமை. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கிற வேலைக்கு இடம் கொடுக்காதீர்கள். 1098 சிறார் உதவி எண். 14417 பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். பதினெட்டு ஆகாத பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலும் 1098-ஐத்தான் கூப்பிட வேண்டும். உறவு கெட்டுப்போகும் என்ற பயம் வரும். கெட்டால் கெடட்டும், பிள்ளை தப்பட்டும்.

கைமாற்றிக் கொடுப்பது

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் தியாகராச செட்டியார், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர். 1880-இல் ஓய்வுபெறும்போது, திருவாவடுதுறை மடத்தில் இருந்த 25 வயது இளைஞரைத் தம் இடத்துக்குக் கொண்டுவரப் பாடுபட்டார். மடத்துத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரிடம் பேசி இசைய வைத்தார், கல்லூரியிலும் எடுத்துச் சொன்னார். அந்த இளைஞர்தான் உ.வே. சாமிநாதையர். ஒருவரைப் பற்றி இன்னொரு இடத்தில் போய் நல்ல வார்த்தை சொல்வது வழித்துணையின் பெரிய பங்கு. ஐ.டி.ஐ. முதல்வரையோ, வேளாண்மைக் கல்லூரி மாணவரையோ, வங்கி மேலாளரையோ பிள்ளைக்கு அறிமுகம் செய்யுங்கள். உங்களைத் தவிர இன்னும் நாலு பேரைத் தெரிந்த பிள்ளையாக அது வளரட்டும்.

நீங்கள் போகவேண்டி வந்தால், இரண்டு மாதம் முன்பே பிள்ளையிடமும் வீட்டிலும் சொல்லிவிடுங்கள். காரணத்தையும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தன் தப்பு என்று அது நினைத்துக்கொள்ளும். அடுத்து வருகிறவரைத் தலைமையாசிரியருக்குக் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். கடைசிச் சில சந்திப்புகளில் அவரும் கூட உட்காரட்டும். அவரிடம் வீட்டின் தொலைபேசி எண்ணைக் கொடுப்பதற்கு முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.